தானாக நிற்கும் சாரன்

சூறாவளி அடித்து ஏழு மாதம் கழித்து, எழுபத்தொன்பதாம் ஆண்டு ஜூன் மாதத்தில், கல்முனையில் உழைப்புத் தர நிர்ணய சபையின் கிளைக் கந்தோர் திறக்கப்பட்டது. எந்தப் பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று சனங்களுக்குச் சொல்ல வந்த சபை அது. அதற்குக் கிடைத்த வீட்டுக்கு ஓடு இல்லை. சூறாவளி கொண்டுபோனதை வீட்டுக்காரர் இன்னும் திருப்பிப் போடவில்லை. மேலே படங்கு கட்டி, அதன் கீழே திறப்பு விழா நடந்தது. தவிசாளர் சரீப் பேசிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் கால் விட்டன. சபைக்கு நாற்காலிகளைப் பற்றி ஆராய இன்னும் அதிகாரம் வழங்கப்படவில்லை என்று அவர் விளக்கினார்.

"அன்புக்குரிய மக்களே," என்றார் தவிசாளர். "சூறாவளியில் பாடசாலை விழுந்தது. தென்னை விழுந்தது. இந்தச் சபை விழவில்லை. ஏன்? அப்போது இந்தச் சபை இருக்கவில்லை. இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு."

படிப்பினை என்ன என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அந்தச் சபையில் ஒரு காரியம் இருந்தது.

கல்முனைப் பகுதியில் மிக நீண்டகாலம் உழைக்கும் துணிக்குச் சபை ஒரு சான்றிதழ் கொடுக்கப்போகிறது. ஒன்றே ஒன்றுதான். மருதமுனையில் தறி வைத்திருக்கும் குடும்பங்களில் எங்கள் குடும்பத்துக்குப் பின்னால்தான் மற்றவை. என் வாப்பா பக்கீர் முகைதீன் நெய்த சாரனை, அதாவது இடுப்பில் உடுக்கும் மூட்டிய துணியை, வாங்க அக்கரைப்பற்றிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். மீராசா என்கிற நான் அவருடைய மூத்த மகன். ஆகவே அந்தச் சான்றிதழ் எங்கள் பெயருக்கு வரவேண்டும். என் தங்கச்சி ஸைனம்புவின் மாப்பிள்ளை ஸலாஹுதீனுக்குப் போகக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்றால், இரண்டாவது நடந்தால் எனக்குப் போதும்.

ஸலாஹுதீனைப் பற்றி நான் குறைவாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நற்பிட்டிமுனையில் வயல் செய்கிற குடும்பம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுத்தோம். வீடு எங்கள் வாப்பா கட்டியது. தறியில் இருந்து கால் மிதிக்கக் கற்றுக் கொடுத்தது நான். இன்று எனக்கு ஆறு தறி, அவருக்குப் பதினொன்று. எனக்குச் சைக்கிள், அவருக்கு மோட்டார் சைக்கிள். பள்ளிவாசலில் அவர் பிந்தி வந்தால் முன்வரிசையில் இடம் ஒதுங்குகிறது. நான் முந்தி வந்தால் முந்தி வந்தவன் என்ற இடம் மட்டும் கிடைக்கிறது. எங்கள் வாப்பா கட்டிய வீட்டு வாசலில் "ஸலாஹுதீன் நெசவாலை" என்று பலகை தொங்கிய நாளிலிருந்து மூன்று வருசமாக நான் அந்தப் படி மிதிக்கவில்லை. இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறவன் அல்ல. தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

விண்ணப்பப் படிவம் கொழும்பிலிருந்து வந்தது. அதில் ஒரு பெரிய கட்டம். கட்டத்தின் மேல் ஆங்கிலத்தில் 'டியுரபிலிட்டி' என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே தமிழ்ச் சொல்லுக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. தமிழ்ச் சொல் தீர்மானமாகும்வரை எவரும் படிவத்தை நிரப்பக் கூடாது என்று சுற்றுநிருபம். சொல்லைக் கண்டுபிடிக்கக் காரைதீவிலிருந்து நல்லரெத்தினம் என்பவரைச் சொல்லாராய்ச்சி அலுவலராக நியமித்தார்கள். நெசவாளர் சார்பில் என்னையும் ஸலாஹுதீனையும் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். நான் வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுப் போனேன். ஸலாஹுதீன் ஒரு பெட்டி பணிஸ் ரொட்டி கொண்டுவந்தார். அன்றிலிருந்து அலுவலர்கள் அவர் வந்தால்தான் கூட்டத்தை ஆரம்பித்தார்கள்.

முதற் கூட்டத்தில் நான் 'உறுதி' என்று வைத்தால் என்ன என்று கேட்டேன்.

நல்லரெத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "உறுதி காணிக் கந்தோருக்குச் சொந்தம், ஐயா. காணிப் பத்திரத்துக்குக் காணி உறுதி என்றுதானே பெயர். அவர்கள் விட்டுத்தர மாட்டார்கள்."

"அப்ப, ஆயுள்?"

"காப்புறுதிக் கூட்டுத்தாபனம்."

"நீண்ட உழைப்பு?"

"உழைப்பு, தொழில் திணைக்களத்தின் சொத்து. நாங்கள் அதைச் சபையின் பெயரில் வைத்திருப்பதற்கே அவர்களிடமிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது."

'நிலைத்தல்' என்ற சொல்லைத் தவிசாளரே எதிர்த்தார். "நிலைத்திருப்பவன் அல்லாஹ் ஒருவன். ஒரு சாரனுக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு நான் என்ன பதில் சொல்லுவது?" எழுதத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் 'இன்ஷா அல்லாஹ்' சேர்க்கலாம் என்றார். அப்படியானால் மற்றச் சமயத்தவரின் பிரதிகளில் என்ன சேர்ப்பது என்று கேள்வி வந்தது. அதற்கு ஓர் உபகுழு அமைத்தார்கள். அந்த உபகுழு இன்னும் கூடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஒன்பதாவது கூட்டத்தில் நல்லரெத்தினம் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"சொல்லின் வேரைப் பிடித்துவிட்டேன்," என்றார். "ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது. அவர்களுக்கு இலத்தீனிலிருந்து. இலத்தீனில் டூருஸ் என்றால் கடினமானது. டூராறே என்றால் கடினப்படுதல். கடினப்பட்டது நீண்டநாள் இருக்கும் என்று ரோமாபுரிக்காரர் நினைத்தார்கள். ஆகவே நீடித்தல் என்பது பின்னால் வந்த கருத்து. மூலக் கருத்து கடினம்."

"மூலமிருக்க நாங்கள் ஏன் பின்னால் வந்ததைப் பிடிக்க வேண்டும்?" என்றார் தவிசாளர்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், சேர்."

"அப்ப துணி கடினமாக இருந்தா நல்ல துணியோ?" என்று கேட்டேன். நாற்பது வருசம் தறியில் இருந்தவன் கேட்ட கேள்வி அது.

நல்லரெத்தினம் என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். "உங்களுக்குத் துணி தெரியும், ஐயா. எங்களுக்குச் சொல் தெரியும். சான்றிதழில் சொல்லைத்தானே எழுதப்போகிறோம்?"

இப்படியாகத் தமிழ்ச் சொல் 'கடினம்' என்று முடிவாகியது. பரிசோதனை முறையும் அன்றே தீர்மானமானது. கடினமானது நிற்கும், நிற்பது நிலைக்கும். சாரனை மூட்டியபடியே வட்டமாக விரித்து மேசையில் நிறுத்தி வைப்பது. பத்து நிமிடம் தானாக நின்றால் சித்தி, அதாவது தேறியது. பியோன் வேலப்போடியிடம் மணிக்கூட்டைப் பார்க்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அவரிடம் மணிக்கூடு இருக்கவில்லை. நூறுவரை எண்ணத் தெரியும் என்றார். அதை ஆறு தரம் எண்ணச் சொன்னார்கள்.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க, தறியில் ஏற்றுமுன் அதற்குக் கஞ்சி போடுவோம். நெய்து முடிந்ததும் அலசிக் கஞ்சியைப் போக்குவது நல்ல நெசவாளனுக்கு அடையாளம். அலசாமல் விற்பவன் துணியை விற்பதில்லை, சோற்றை விற்கிறான். எங்கள் வாப்பா மூன்று தண்ணீர் அலசுவார். நானும் மூன்று தண்ணீர் அலசிய புதுச் சாரனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலப்போடி அதை நிறுத்தினார். "ஒண்டு" என்று எண்ணத் தொடங்குமுன் அது படுத்துவிட்டது.

"ஐயா, இது நல்லா நித்திர கொள்ளுது," என்றார் வேலப்போடி.

ஸலாஹுதீன் ஒரு சாரனைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். பலகை கொண்டுவருகிறார் என்றுதான் நினைத்தேன். கஞ்சியை அலசாததோடு நிற்காமல், மேலே இரண்டு தரம் கஞ்சியில் தோய்த்துக் கடற்கரை மணலில் காயவைத்திருக்கிறார். மேசையில் வைத்ததும் அது பீப்பாய்போல நின்றது. வேலப்போடி ஆறு நூறும் எண்ணி, எதற்கும் இருக்கட்டும் என்று ஏழாவதும் எண்ணினார். தவிசாளர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது.

"மாஷா அல்லாஹ்," என்றார்.

ஸலாஹுதீனுக்குத் தற்காலிகச் சான்றிதழ் கிடைத்தது. அந்த வாரம் என் பசி போய்விட்டது. சந்தையில் அவருக்குக் கைலாகு கொடுத்து வாழ்த்தியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பதினேழு பேர்.

நான்காம் நாள் இன்னொரு செய்தி வந்தது. சபையின் அலுமாரியில் வைத்த அந்தச் சாரனைக் கரப்பான் பூச்சியும் எலியும் சேர்ந்து பாதிக்கு மேல் தின்றுவிட்டன. எனக்குக் கொஞ்சம் சாப்பிட முடிந்தது. ஆனால் சபை கூடி ஆராய்ந்து, பரிசோதனை நிற்பதைப் பற்றியது, தின்னப்படுவதைப் பற்றியது அல்ல, மீதிப் பகுதி இன்னும் நிற்கிறது என்று பதிவு செய்தது. இருந்தாலும் பதினான்கு நாளுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம், இதைவிட உழைத்த துணியைக் கொண்டுவந்து காட்டலாம் என்று வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள்.

அன்று பின்னேரம் ஸைனம்பு என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"காக்கா, நீங்க என்னத்துக்குப் புதுச் சாரனத் தூக்கிக்கொண்டு ஓடுறீங்க? வாப்பா இவருக்கு நெய்து குடுத்த கலியாணச் சாரன் கிடக்குதே."

"அது இன்னும் இருக்கா?"

"இருக்காவா? இருவத்திரெண்டு வருசமா ஊட்டுல அதத்தான் உடுக்கிறாரு. புதுச கட்டச் சொன்னா உடம்பு அரிக்குதாம்."

"அவர்ர சான்றிதழுக்கு எதிராப் போறன் நான். நீ எனக்கு வழி சொல்றாய்."

"ஆர்ர பேரில கிடந்தா எனக்கென்ன? வாப்பாட பேரில கிடக்கட்டும் எண்டு பாத்தன்," என்றாள். பிறகு வாசலில் நின்று, "ஆனா நீங்கதான் வந்து கேக்கோணும். நான் எடுத்துத் தர மாட்டன்," என்றாள்.

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் போனேன்.

ஸலாஹுதீன் முற்றத்தில் குந்தியிருந்து மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் அந்தச் சாரன். எங்கள் வாப்பாவின் கை எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. மெரூன் கரையில் ஒரே ஒரு மஞ்சள் இழை ஓட்டுவார். எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு ஒருவரும் அப்படி ஓட்டுவதில்லை.

"வாங்க மச்சான்! பாத்தீங்களா புள்ள, காக்கா வந்திருக்காரு! இரிங்க மச்சான், இரிங்க."

"இருக்க வரல்ல."

"அப்ப நிண்டுகொண்டே தேத்தண்ணி குடிங்க."

நான் பலகையைப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல், கிணற்றைப் பார்த்துச் சொன்னேன். "அந்தச் சாரன் வேணும். ஆட்சேபத்துக்கு."

அவர் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்போதும் அப்படித்தான், நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"கழட்டித் தாறன். அதுக்கு முதல் ஒரு மாத்துச் சாரன் தாங்க, மச்சான். இல்லாட்டி உங்கட தங்கச்சிதான் வெக்கப்படோணும்."

"இதக் கொண்டுபோனா உங்களுக்குக் கிடைச்சது போயிரும்."

"போனாப் போகட்டும். அது எலி திண்ட மிச்சம்தானே?"

மறுத்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ஸைனம்பு சாரனைத் துவைத்து, மடித்து, என் கையில் தந்தாள். கன்றுக்குட்டியின் காது போல இருந்தது. இருபத்திரண்டு வருசமாகத் தோய்த்துத் தோய்த்து அந்த மென்மை வந்திருந்தது. ஓர் இடத்திலும் இழை விலகவில்லை. நான் இதுவரை நெய்த எதுவும் இப்படி வராது என்று கை சொன்னது. அதற்காகவும் எனக்கு ஸலாஹுதீன்மேல்தான் கோபம் வந்தது.

விசாரணை நாளில் கந்தோர் நிறையச் சனம். சபை வழக்கப்படி முதலில் சாரனை நிறுத்திப் பார்த்தது. அது வேலப்போடியின் கையைவிட்டுத் தண்ணீர்போல வழிந்தது.

"கடினம் பூச்சியம்," என்று நல்லரெத்தினம் எழுதினார்.

"இருபத்திரண்டு வருசம் உடுத்த சாரன், சேர்," என்றேன்.

"அதுதான் பிரச்சினை. பாவித்த பொருள் தேய்ந்திருக்கும். தேய்ந்த பொருளைப் பற்றி நாங்கள் என்ன சொல்லலாம்? ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று நம்பிக்கையாகச் சொல்ல வேண்டுமானால், அதை ஒருவரும் பாவித்திருக்கக் கூடாது."

தவிசாளருக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். "இருபத்திரண்டு வருசம் என்பதற்குச் சாட்சி உண்டா?" என்று கேட்டார்.

சாட்சி ஒருவர்தான். ஸலாஹுதீன் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். உண்மை சொன்னால் தன் சான்றிதழைத் தானே கிழிப்பதாக முடியும் என்று நல்லரெத்தினம் அவருக்கு எச்சரிக்கை செய்தார்.

"ஓம் சேர். விளங்குது," என்றார் ஸலாஹுதீன். "அம்பத்தேழாம் ஆண்டு எண்ட நிக்காஹ் அண்டைக்கு உடுத்த கலியாணச் சாரன். அண்டையிலிருந்து உடுக்கிறன்."

"கிழிந்ததுண்டா?" என்றார் தவிசாளர்.

"ரெண்டு தரம் ஆணில மாட்டினது. ஆணி வளைஞ்சிது."

சனம் சிரித்தது.

"சூறாவளியன்று?"

"ஓடு போச்சுது சேர். வாசல் கதவு போச்சுது. சாரன் போகல்ல. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிண்டன்."

தவிசாளர்கூடச் சிரித்தார். "அப்படியானால் நீங்கள் பரிசோதனைக்குக் கொண்டுவந்த சாரன்?"

"எண்டது கஞ்சி, சேர். தண்ணில போட்டாக் கூழ். நீங்க நிக்கணும் எண்டீங்க, நிப்பாட்டித் தந்தன். இந்தச் சாரன்தான் சாரன். மச்சானுக்குக் குடுங்க."

என் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: "மனுசன் எண்டா இப்படி இரிக்கோணும்." இன்னொருவர், "மீராசாக் காக்காக்கு இந்த மச்சான் கிடைச்சது பெரிய கொடுப்பினை," என்றார்.

சான்றிதழ் என் கைக்கு வரப்போகிறது. ஆனால் அதைப் பார்க்கும் ஒவ்வொருவரும் ஸலாஹுதீனின் மனசைப் பற்றித்தான் கதைப்பார்கள். அதைச் சுவரில் மாட்டினால் அவருடைய படத்தை மாட்டியதாக இருக்கும். என் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

நல்லரெத்தினம் பேனையைத் திறந்தார். "ஒரு கேள்வி மட்டும், பதிவுக்காக. இந்தக் கரையில் ஓடும் மஞ்சள் இழை உங்கள் குடும்ப அடையாளமா? இந்தச் சாரன் உங்கள் வாப்பாவின் தறியில் நெய்யப்பட்டதா?"

நான் எழுந்து நின்றேன். என் முதுகு எப்போதும் நேராகத்தான் இருக்கும்.

"இல்ல," என்றேன்.

ஸலாஹுதீன் என் பக்கம் திரும்பினார். "மச்சான்..." என்றார். அவ்வளவுதான். அந்தச் சாரனை யார் நெய்தது என்று இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை. அதுவும் அவருடைய பழக்கம்.

சபை ஒன்றரை மணித்தியாலம் தனியே கூடியது. வெளியே வந்து தவிசாளர் தீர்ப்பை வாசித்தார். ஸலாஹுதீன் தன் பொருளைக் கூழ் என்று தானே ஒப்புக்கொண்டதால் அவருடைய தற்காலிகச் சான்றிதழ் இரத்து. ஆட்சேபம் செய்தவர் தன் பொருளைத் தனதல்ல என்று சொன்னதால் அவருக்கும் இல்லை. உரிமை கோரப்படாத சாரன் பதினான்காம் விதிப்படி சபையின் சொத்தாகிறது. சபையின் சொத்துக்கள் யாவும் நீண்டகாலம் உழைப்பவை என்று மூன்றாம் விதி ஏற்கெனவே சொல்வதால், அதைப் பரிசோதிக்க வேண்டிய அவசியமில்லை.

"ஆகவே கல்முனைப் பகுதியின் முதலாவது கடினச் சான்றிதழைச் சபை தனக்கே வழங்கிக்கொள்கிறது," என்றார். "செல்லுபடியாகும் காலம் ஆறு மாதம். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

சாரனைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் விரித்துக் கந்தோரின் முன் மண்டபத்தில் மாட்டினார்கள். கீழே சான்றிதழ். அதில் 'நெய்தவர்' என்ற இடத்தில் 'தெரியாது' என்று நல்லரெத்தினம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஸைனம்பு அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஸலாஹுதீன் வழியில் கண்டால் ஸலாம் சொல்லுகிறார். நானும் பதில் சொல்லுகிறேன்.

வேறு அலுவலாகக் கல்முனைக்குப் போகும் நாட்களில் நான் அந்தக் கந்தோருக்குள் போய்வருவதுண்டு. சாரனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ நெசவாளர் வருகிறார்கள். கண்ணாடிக்கு மூக்கு முட்ட நின்று இழையை எண்ணுகிறார்கள். போன மாதம் ஓர் ஆள் எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, தன்பாட்டில் அழுதுவிட்டார். நாற்பது வருசமாக நெய்கிறேன். என் துணிக்கு முன்னால் எவரும் அப்படி நின்றதில்லை. சான்றிதழில் 'தெரியாது' என்று எழுதப்பட்ட அந்த நெய்தவர்மேல் எனக்கு வருகிற எரிச்சல் ஸலாஹுதீன்மேல்கூட வந்ததில்லை.

அழுத ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"காக்கா, நீங்க பழைய ஆள் போலக் கிடக்கு. இது ஆர்ர கை எண்டு உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது," என்றேன். "நல்ல கை."